தென்காசி தெரியாத படம்

மகள் அனுப்பியவை ஐந்து படங்கள். ஏழு வருடமாக ஒரு செயற்கைக்கோளின் கேமராவுக்கு லென்ஸ் பொருத்தும் வேலையில் இருந்தவள் அவள். அது மேலே போய்ச் சேர்ந்ததும், “பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டிக்கோங்கப்பா” என்று போனில் அனுப்பியிருந்தாள்.

முதல் படத்தில் வெள்ளை அங்கியும் முகமூடியுமாகப் பதினான்கு பேர் செயற்கைக்கோளைச் சுற்றி நிற்கிறார்கள். இருபத்தெட்டுக் கண்கள் இருக்க வேண்டும். எனக்கு இருபத்தொன்றுதான் கிடைத்தன. அதில் நம் பெண் யார் என்று எனக்கும் என் மனைவிக்கும் அரை நாள் வழக்கு. கையை இடுப்பில் ஊன்றி நிற்பவள்தான் என்று அவள் சாதித்துவிட்டாள். அடுத்ததில், ராக்கெட்டை நின்ற வாக்கிலேயே ஏவுதளத்துக்கு நகர்த்துகிறார்கள்.

“தேரு மாதிரியே போவுது. வடம் பிடிக்கத்தான் ஆளக் காணோம்” என்றாள் மனைவி.

மூன்றாவதில் நெருப்பும் புகையும். நான்காவதில் கறுத்த வானமும் வளைந்த கடலும். ஐந்தாவது, மகளின் லென்ஸ் வழியே எடுத்த நம் பக்கத்துப் படம். கீழப்பாவூர்க் குளம் தெரிந்தது. வீரகேரளம்புதூர் வயல்கள் வரப்பு வரப்பாகத் தெரிந்தன. தென்காசியும் குற்றாலமும் மட்டும் இல்லை. செங்கோட்டையிலிருந்து கிழக்கே நாக்கு நீட்டியதுபோல ஒரே வெள்ளை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்; வெள்ளை போகவில்லை. “லென்ஸ்ல ஒரு தூசி உக்காந்தாப் போதும், ஏழு வருசமும் போச்சு” என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மேகமென்றால் திட்டுத் திட்டாக இருக்கும். இது விரலால் தேய்த்த மாதிரி இருந்தது. அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. வாசலில் நுழைகிற யாரும் முதலில் பார்ப்பது ஹால் சுவரைத்தான். நம் பெண் வேலையில் குறை என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது.

ஸ்டூடியோக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“கல்யாணப் பொண்ணு முகத்துல உள்ள தழும்பையே எடுத்துருதேன் அண்ணாச்சி. இது என்ன பெரிய காரியம்” என்றார் அவர்.

எடுத்தும்விட்டார். வெள்ளை இருந்த இடமெல்லாம் பச்சை வயல். வீட்டில் மாட்டிவிட்டுக் குளங்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு மூலை கடித்த மாதிரி இருந்த குளம் ஒன்று, அதே கடியோடு மூன்று இடத்தில் இருந்தது. பக்கத்து இடத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்.

“மூணு குளம் இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்றாள் மனைவி.

போன வாரம் மகள் இரண்டு நாள் லீவில் வந்தாள். பையை இறக்கவில்லை, ஐந்தாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

“என்னப்பா இது? நம்ம ஊர்ல யாரு நாத்து நட்டது?”

தூசியை மறைக்கச் சொன்னேன் என்றேன். எந்தத் தூசி என்றாள். சொன்னேன். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அது சாரல் மேகம்ப்பா. மலையில இங்கன ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, அது வழியா நுழையுது.” அவள் விரல் செங்கோட்டைக்கு மேற்கே நின்றது. “அஞ்சருவியில நல்லா தண்ணி விழுது, வரமாட்டியாளான்னு போன் பண்ணினீங்கள்லா? அன்னைக்கு எடுத்த படம். தெளிவான படமும் நெறைய இருந்துச்சு. எனக்கு இதுதான் வேணும்னு எடுத்து அனுப்பினேன். வரத்தான் முடியல.”

பிறந்ததிலிருந்து அந்தச் சாரலில் நனைந்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் அது வெள்ளையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அப்ப லென்ஸு?”

“குளத்து மூலை கடிச்சிருக்கது வரைக்கும் எண்ணியிருக்கீங்க. எந்த லென்ஸ்ல தெரிஞ்சுதாம்?”

மறுநாள் தூறலில் மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனேன்.

“மத்தியானச் சோறு திங்காம உக்காந்து எடுத்த வெள்ளை அண்ணாச்சி. இப்ப அதையே திருப்பிப் போடச் சொல்லுதிய” என்று முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

பழையதைக் கழற்ற என் மனைவி விடவில்லை. “அதுவும் கெடக்கட்டும். கோடைக்கு ஆவும், மூணு குளம்லா.”

சுவரில் இப்போது ஆறு படங்கள்.