லேடீஸ் பெட்டியில் எழுதிய நாவல்

அன்புக்கரசி தன் முதல் நாவலை கும்மிடிப்பூண்டி ரயிலின் லேடீஸ் பெட்டியில், எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகத்தான் எழுதினாள். திருவொற்றியூரில் ஏறி, பாரிமுனையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ரிசப்ஷன் வேலைக்குப் போகிறவள். போகிற வழியில் கதையைச் சொல்லிச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்வாள். வீட்டுக்குப் போய் அதைக் கேட்டு டைப் அடிப்பாள். எழுத்தாளர்களுக்குத் தனிமை வேண்டும் என்கிறார்கள். இவளுக்கு வாய்த்தது ஒரு பெட்டி நிறையப் பெண்களும், கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக ரயில் சும்மா நிற்கும் நேரமும்தான்.

செங்கொடி என்ற பெண்ணின் கதை. புருஷன் இன்னொருத்தியோடு போய்விடுகிறான். செங்கொடியும் மாமியாரும் அழுது முடித்துவிட்டு, மாத்தூரில் லாரி டிரைவர்களுக்காக ஒரு மெஸ் போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஆட்களா நாங்கள்? தண்டையார்பேட்டையில் ஏறும் டெய்லர் சபீஹா, "இவ்ளோ நல்ல மாமியார நான் எங்கியும் பாத்ததில்லப்பா. ரெண்டு திட்டாவது திட்டவுடு" என்றாள். மறுநாளே மாமியார் திட்ட ஆரம்பித்தாள். கதைக்கு உயிர் வந்தது.

புருஷன் திரும்பி வரும் கடைசி அத்தியாயத்தில்தான் அன்புக்கரசி மாட்டிக்கொண்டாள். அவனை அடித்து விரட்டிப் பார்த்தாள். மன்னித்துப் பார்த்தாள். இரண்டும் ஒட்டவில்லை. பீச் ஸ்டேஷன் பக்கம் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் சொக்கம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் ரோசன? வந்தவன குந்தவெச்சு சோறு போடு. துன்னு முடிச்சதும் மத்தவங்க கைல வாங்குற மாரி காச வாங்கிக்கினு அனுப்பு."

பெட்டியே சிரித்தது. அன்புக்கரசி மட்டும் அழுதாள். அவளுடைய அம்மா அப்படி விட்டுப்போன ஒருத்தனுக்காகச் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தே போய்ச் சேர்ந்தவள். எந்த முடிவுக்காக இந்த நாவலை ஆரம்பித்தாளோ, அது அன்றைக்குத்தான் அவளுக்கே கிடைத்தது.

பிறகு பதிப்பகங்களுக்கு அனுப்பும் படலம். நாலைந்து பேர் பதில்கூடப் போடவில்லை. கடைசியில் எழிலன் என்ற பதிப்பாளர் வரச் சொன்னார். அடையாறுக்காரர். ராயபுரத்தைத் திரையில் மட்டும் நிறையப் பார்த்திருக்கிறார்.

"உங்க நடை பிரமாதம் மேடம். ஆனா வடசென்னை நாவல்ல ஒரு கத்திகூட இல்லியே?"

"மூணாவது அத்தியாயத்துல வெங்காயம் நறுக்குறாங்களே சார்" என்றாளாம்.

அவர் சிரிக்கவில்லை. வாசகர்கள் நம்பும்படி எழுத வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். செங்கொடி என்பது கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கிறது, ரோஜா என்று வைப்போம். மெஸ்ஸில் கஞ்சா விற்கட்டும். மாமியார் அதற்குத் தலைவியாக இருக்கட்டும். திரும்பி வரும் புருஷனை ரோஜா சாப்பாட்டு இலையிலேயே வெட்டிச் சாய்க்கட்டும். சம்மதம் என்றால் ஜனவரி புத்தகக் காட்சிக்கே கொண்டுவந்துவிடலாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை எங்கள் பெட்டியில் ஏற்றி, பீச் வரைக்கும் நிற்க வைத்திருப்பேன். ஆனால் அன்புக்கரசி ஒத்துக்கொண்டாள். இவரையும் விட்டால் புத்தகமே வராது என்ற பயம். தெரு முழுக்க வேறு சொல்லி வைத்திருந்தாள். புரூஃப் திருத்தும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் எழுத்துப் பிழை பார்த்தாளாம்.

புத்தகம் வந்தது. அட்டையில் துறைமுகக் கிரேன், அதில் தொங்கும் ரத்தம் சொட்டும் அரிவாள். பின்னட்டையில் "வடசென்னையின் உண்மை முகம்". அதே பின்னட்டையில் அன்புக்கரசியின் முகமும் இருந்தது, பவுடர் கொஞ்சம் தூக்கல்.

அதை ரயிலுக்குக் கொண்டுவரவே தயங்கினாள். சொக்கம்மாள் விடவில்லை. "எனுக்குப் படிக்கத் தெரியாது, நீயே படி" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அன்புக்கரசி கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். யாராவது நாலு திட்டு திட்டுவார்கள், அழுது தீர்த்துக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

யாரும் திட்டவில்லை. சபீஹா "படா ஷோக்கா கீது" என்று கை கொடுத்தாள். சொக்கம்மாள் புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கும் பிடித்திருந்தது.

"சினிமா மாரியே கீது, அன்பு. நல்லா வரட்டும்" என்று வாழ்த்திவிட்டுக் கேட்டாள்: "நம்ம செங்கொடி கத எப்ப புக்கா வருது?"

அன்புக்கரசி புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எழுதிக்கினுகீறன்க்கா" என்றாள்.