நான் குறித்துக் கொடுத்த நாள்

இன்று காலை ஆறே காலுக்குச் சேதி தெரிந்தது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் அவனியாபுரம் பஸ்ஸில் எதிர் சீட்டில் நம் சுப்பையா, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு.

"எங்க போய்ட்டு வார?"

"சதுரகிரிக்கு மாப்ள. நம்ம ஆபீஸ் ஆளுக அம்புட்டுப் பேரும் போனோம்."

மலைக்கு எப்போது போகலாம் என்று ஆடியில் ஆபீஸ்காரர்கள் நீங்கள் எல்லோரும் கேட்டது என்னைத்தான். ஆபீஸில் மழை அளக்கிறவன் நான். தை பிறந்ததும் போகலாம், ஓடை வடிந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும் என்றேன். என் மனைவி செல்லம்மாவால் வேகமாக நடக்க முடியாது. அவளுக்காகப் பார்த்துச் சொன்ன நாள் அது.

அவள் ஐப்பசியில் இறந்துபோனாள். அவள் நேர்ந்துகொண்ட மணியை நானாவது கொண்டுபோய்க் கட்டலாம் என்றிருந்தேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சாவு விழுந்த வீடு மாப்ள. ஒரு வருசத்துக்கு நீ மலையேறக் கூடாதுல்ல. சொன்னா வருத்தப்படுவியேன்னுதான்."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அவனே சொன்னான்: "ஆனா நீ சொன்னது சரி. ஒரு பாறைகூட வழுக்கல."

மணி என் பெட்டியிலேயே இருக்கிறது.

அடுத்த தடவையும் நாள் கேட்டு வாருங்கள். என் காலுக்குத்தான் தீட்டு, நான் குறித்த நாளுக்கு இல்லையே. ஆட்சேபம் உள்ளவர்கள் இந்த ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் இதற்கு அடியிலேயே எழுதலாம், இடம் விட்டிருக்கிறேன்.