துரை இழுத்த பக்கம்

கடிக்குமான்னா கேக்கிய? கடிக்குத நாயக்கூடப் பழக்கிரலாம். இழுக்குத நாயி இருக்கு பாருங்க, அதுதான் நாய் பழக்குத இந்தத் தொழில்ல ஆளோட உசுர வாங்குதது. நீங்களும் வீட்டுல ஒண்ண வச்சிக்கிட்டு, காலையில நீங்க அத நடத்திக் கூட்டிட்டுப் போறியளா, அது உங்களக் கூட்டிட்டுப் போகுதான்னு தெரியாம முழிக்கிற ஆளுன்னா, நம்ம கூட்டம்தான். வண்ணார்பேட்டையில ஒரு வீட்டுல நான் பட்ட பாட்டச் சொல்லுதேன், கேளுங்க.

இடுப்புல கெட்டுன கயிறு

சங்கரலிங்கம் அண்ணாச்சி ரிட்டையர் ஆன அதிகாரி. அவுக வீட்டம்மா கோமதி டீச்சர். நாயி பேரு துரை. ராஜபாளையம், வெள்ளைக் கன்னுக்குட்டி கணக்கா இருக்கும். துரை ஒரு பூனையக் கண்டு இழுத்த இழுப்புல டீச்சர் குப்புற விழுந்து, வலது கையில மாவுக்கட்டு. டீச்சர் ஒரே முடிவாச் சொல்லிட்டாக: மாசக் கடைசியில பாபநாசத்துல இருந்து தம்பி லோடு ஆட்டோவோட வாறான், அதுக்குள்ள இந்த இழுப்பு நிக்கலன்னா துரை அவன் தோட்டத்துக்குத்தான். அங்கன நாயின்னா பொழுது பூரா சங்கிலிதான். அதக் கேட்டதுல இருந்து அண்ணாச்சிக்கு இட்லி எறங்கல. அதான் என்னக் கூப்பிட்டு விட்டாக.

"எப்படிக் கூட்டிட்டுப் போறியன்னு ஒருக்க காட்டுங்க"ன்னேன். வெளிய வந்தாக, எனக்குப் பகீர்னுட்டு. கயித்தோட மறுமுனைய இடுப்புல, வேட்டிக்கு மேல, சுத்தி முடிச்சுப் போட்டிருக்காக! நான் வாயத் தொறக்கதுக்குள்ள துரை பாஞ்சிட்டு. அண்ணாச்சி பின்னாலயே ஓடுதாக. வேட்டி பாதித் தெருவுல கெடக்கு. நான் அத எடுத்துக்கிட்டு ஓடுதேன். தெருமுக்குல டவுசரோட நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே அண்ணாச்சி சொன்னாக: "கையில பிடிச்சா நழுவிருதுவே. இப்பம் பாரும், நழுவவே இல்லல்லா!"

நடுரோட்டுல நின்னது

பழக்குத முறை ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. நாயி இழுத்தா நீங்க நிக்கணும். கயிறு தளந்தா நடக்கணும். இழுத்தா ஒரு எட்டுகூட முன்னால போக முடியாதுன்னு அதுக்கே புரியணும். நிக்கும்போது திட்டக்கூடாது, கொஞ்சக்கூடாது, வாயே தொறக்கக்கூடாது. அண்ணாச்சி நல்ல மாணவர். சாயங்காலம் துரை இழுத்ததும் நடுரோட்டுல அப்படியே நின்னுட்டாக.

ரிட்டையர் ஆன மனுசன் ஒருத்தர் நடுரோட்டுல பேசாம, அசையாம நின்னா நம்ம சனம் விடுமா? பெட்டிக்கடைக்காரர் சோடாவ ஒடைச்சிக்கிட்டு ஓடி வாறாரு. ஒருத்தர் சட்டைப் பட்டனக் கழத்தி நெஞ்சத் தடவுதாரு. இன்னொருத்தர் ஆட்டோவையே கூட்டிட்டு வந்துட்டாரு. "ஒண்ணுமில்ல, நாயிக்குப் பாடம்"னு நான் கத்துனது யாரு காதுலயும் விழல. அண்ணாச்சி வாயத் தொறக்கவே இல்ல. கயிறு இன்னும் தளரலல்லா! அதுக்குள்ள வீட்டுக்குப் போன் போயி, டீச்சர் மாவுக்கட்டோட அழுதுக்கிட்டு ஓடி வாறாக. வெவரம் தெரிஞ்சதும் கண்ணத் தொடச்சிட்டு என்னப் பாத்துச் சொன்னாக: "நாயப் பழக்கச் சொன்னா, எங்க வீட்டு மனுசர ஆம்புலன்சுல ஏத்தப் பாக்கீரே!"

காலையில பாத்தது

சாயங்கால நடையில துரை பைய வழிக்கு வந்துட்டு. ஆனா காலையில முன்னவிட மோசமா இழுக்குன்னு அண்ணாச்சி பொலம்புதாக. அதுவும் ஒரே பக்கம், தெருமுக்குப் பிள்ளையார் கோயில் பக்கம். அங்கன பூனையும் இல்ல, கறிக்கடையும் இல்ல. என்னதான் இருக்குன்னு ஒரு நாள் சொல்லாம கொள்ளாம விடிகாலையிலயே போயி நின்னேன்.

அண்ணாச்சி வந்தாக. இடது கையில கயிறு, வலது கையில தேங்கா. கண்ண மூடிக் கும்புட்டு, ஓங்கி விடலை போட்டாக பாருங்க, 'படார்'னு செதறுன சில்லு கீழ விழுமுன்ன துரை பாஞ்சிட்டு! அண்ணாச்சி பிள்ளையாரு முன்னால நெடுஞ்சாங்கிடையா விழுந்தாக. துரை சில்லு சில்லா பெறக்கித் திங்குது. தூக்கி விட்டு, "இது எம்புட்டு நாளா நடக்கு, எதுக்கு?"ன்னேன். மண்ணத் தட்டிக்கிட்டே அண்ணாச்சி சொன்னாக: "டீச்சர் விழுந்த மறுநாள்ல இருந்து. நாயி இழுக்கக் கூடாதுன்னு நேந்துக்கிட்டுத்தான்வே தெனமும் போடுதேன்!"

லோடு ஆட்டோ

நேர்ச்சைய நிறுத்துங்கன்னா, தெய்வக் குத்தம்னுட்டாக. சரி, தேங்காயவே வாத்தியார் ஆக்கிட்டேன். அண்ணாச்சி ஒடைக்க, நான் கயித்தப் பிடிச்சிருப்பேன். சத்தத்துக்குப் பாஞ்சா சில்லு கெடையாது. திரும்பி வந்து காலடியில உக்காந்தா என் கையால ஒரு சில்லு.

மாசக் கடைசியில தம்பி வந்துட்டாரு, ஆட்டோவுல சங்கிலியும் கெடக்கு. டீச்சர் "நானே பிடிச்சிப் பாக்கேன்"னு இடது கையில கயித்த வாங்கிக்கிட்டாக. பிள்ளையார் கோயிலத் தாண்டும்போது, புது பைக்கு வாங்குன எவனோ ஒருத்தன் டீச்சர் காலுக்குப் பக்கத்துலயே விடலையப் போட்டுட்டான்! நான் கண்ண இறுக்க மூடிட்டேன். விழுந்த சத்தம் கேக்கல. தொறந்து பாத்தா, கயிறு தொய்ஞ்சு கெடக்கு. துரை டீச்சர் சேலையோட ஒட்டி உக்காந்து அவுக மொகத்தையே பாக்கு. டீச்சர் குனிஞ்சு, கயிறு பிடிச்ச கையாலயே ஒரு சில்ல எடுத்து அது வாயில வச்சாக. பின்னாலயே வந்த தம்பி வெறும் ஆட்டோவத் திருப்பிட்டாரு. அண்ணாச்சி கண்ணுல தண்ணியோட ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு வந்தாக. எனக்குத்தான்னு நெனச்சி நானும் கையத் தூக்குனேன். என்னத் தாண்டிப் பிள்ளையாரு முன்னால போயி நின்னு, என்னத் திரும்பிப் பாத்துச் சொன்னாக: "பாத்தீராவே, போட்ட விடலை ஒண்ணுகூட வீண் போவல!"

இருங்க, வாசல்ல ஒரு அம்மா கூப்பிடுதாக, "அண்ணே, வெரசா வாங்க, கேட்டையும் சேத்து இழுக்கு!"ன்னு. வாறேம்மா, வாறேன்... இந்தத் தொழில்ல நாய நடக்க வைக்கது நானு, பேரு வாங்குதது பிள்ளையாரு.