நாய் நிக்குதோ சேர்?

ஒரு கையில் சைக்கிள், மறு கையில் பூவரசந்தடி, முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரமாகப் போகும் எங்கள் ஒழுங்கையில் காலை ஏழு மணிக்குச் சமையலக்கா வருவது இப்படித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் சமைத்த சாப்பாடு கரியரில் கட்டியிருக்கும். என் வீட்டு வாசல் படலையடிக்கு வந்ததும் பிள்ளைகளை எதிர்வேலிப் பக்கம் ஒதுக்கிவிட்டு, நாய்க்கும் அவர்களுக்கும் நடுவில் சைக்கிளைக் குறுக்காகப் பிடிப்பார். தடியை ஓங்கமாட்டார், நிலத்தில் தட்டுவார். கடைசிப் பிள்ளை கடக்கும்வரை தட்டிக்கொண்டே நிற்பார். அந்த நாய் என்னுடையது. அவர் இன்று உயிரோடு இல்லாததற்குக் காரணமும் நான்தான்.

நான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறேன். இங்கே யானை வந்தால் முதலில் அறிவது நாய்தான். அதனால் ஒழுங்கையில் ஒருவரும் நாயைக் கட்டுவதில்லை. என் வீட்டு நாய்க்கு எப்போதும் வீமன் என்றே பெயர். ஒன்று செத்தால் அடுத்ததும் வீமன். அயலில் பல வீடுகளிலும் அப்படித்தான். கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு வேறு பெயர் வருவதில்லை. இவன் மூன்றாவது வீமன். முந்திய இருவரையும் போலல்லாமல் குலைக்காமலே பாய்கிறவன்.

“சேர், உங்களிட்டப் படிச்ச காவாலியள் எல்லாம் அடங்கிப்போச்சினம். உவன் ஒருத்தன்தான் அடங்குறானில்லை. கட்டி வையுங்கோவன்,” என்பார் சமையலக்கா.

“அவன் கடிக்கமாட்டான் பிள்ளை. சும்மா வெருட்டுறவன்.”

“அதை அவனுக்கும் ஒருக்காச் சொல்லி விடுங்கோ.”

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, பள்ளிக்கூடம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் மட்டுமாவது நாய்களைக் கட்ட வேண்டும் என்று கேட்டார். தலைவர் நான். அந்த நேரத்தில் யானை வந்து ஒரு உயிர் போனால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டேன். பகலில் யானை எங்கள் ஒழுங்கைக்கு வந்ததில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பேசியது அதிபர் என்பதால் தலையாட்டினார்கள். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

அடுத்த கிழமை அது நடந்தது. ஒரு சின்னப் பிள்ளை கழன்ற சப்பாத்தை எடுக்கக் குனிந்தபோது வீமன் பாய்ந்தான். சமையலக்கா சைக்கிளைப் போட்டுவிட்டு இடையில் புகுந்தார். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. அவருடைய கெண்டைக்காலில் பல் பட்டு இரத்தம் பொட்டாகக் கசிந்தது. சோறும் பருப்பும் ஒழுங்கையில் கொட்டிக் கிடந்தன. என் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவியபோதுகூடப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார். நான் அலுமாரியைத் திறந்து வீமனின் விசர்நாய்த் தடுப்பூசிக் கார்ட்டை எடுத்து வந்தேன்.

“இந்தாரும், ஊசி போட்ட நாய். ஒண்டுக்கும் பயப்பிடாதையும்.”

ஆஸ்பத்திரியில் கார்ட்டைப் பார்த்தார்கள், காயத்தைப் பார்த்தார்கள். பதினான்கு நாளைக்கு நாயைக் கவனிக்கச் சொன்னார்கள். நாய்க்குச் சுகமில்லாமல் போனாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ அந்த நாளே ஊசிக்கு வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அன்றே நான் வீமனைக் கயிற்றில் கட்டினேன். கட்டக்கூடியதாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் படலையடியில் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்: “நாய் நிக்குதோ சேர்?”

“ஓம், நிக்குது.”

நான்கு நாளும் அது உண்மை. நான்காம் நாள் பின்னேரம் அவன் தண்ணீர்ச் சட்டியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தே உறுமினான். ஐந்தாம் நாள் விடியக் கயிறு அறுந்து கிடந்தது. காட்டுக்கரைவரை கூப்பிட்டுக்கொண்டு போனேன். திரும்பி வந்து, அவர் கொண்டுவந்து தந்திருந்த கார்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நிறம் என்ற இடத்தில் கறுப்பு என்று எழுதியிருந்தது. ஓடிப்போனவன் செம்மண் நிறம். அது செத்துப்போன இரண்டாவது வீமனின் கார்ட். இவனுக்கு ஊசி போட்டதே இல்லை.

கார்ட்டில் நடந்தது பிழை. அதற்குப் பிறகு நடந்தது பிழை அல்ல. கார்ட் என் கையில் இருக்கும்போதே படலையடியில் சைக்கிள் மணி கேட்டது.

“நாய் நிக்குதோ சேர்?”

“ஓம், நிக்குது. பின்னுக்குக் கிடக்கு.”

ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. நாளைக்கு நாய் வந்துவிடும் என்றும் நினைத்தேன். ஒரு தரம் சொன்ன பிறகு, மறுநாள் மாற்றிச் சொல்ல முதல்நாள் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியே பத்து நாள் போனது. ஒருநாள்கூட அவர் படலையைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை. அதிபர் சொன்னால் அவருக்குப் போதும்.

பதினான்காம் நாள் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“சோதினை முடிஞ்சுது சேர், வீமன் பாஸ். மீன் தலை போட்டுச் சோறு குழைச்சனான். குடுங்கோ அவனுக்கு.”

நான் அதை வாங்கினேன். அவர் போன பிறகு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கிடங்கு வெட்டி மண்ணுக்குள் தாட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேல் சென்று, காலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாராம். பிறகு தண்ணீர் குடிக்க முடியவில்லை. ஒரு வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நிலைக்கு வந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பெட்டி மூடியபடிதான் வந்தது. கார்ட் மாறிய கதை மட்டும் ஊருக்குத் தெரியும், அதை நானே சொன்னேன். “வயசுபோன மனிசன், பேர் ஒண்டாயிருந்தால் ஆருக்கும் மாறும்தானே,” என்று என்னையே தேற்றினார்கள்.

இப்போது காலையில் நான்தான் தடியோடு போய் நிற்கிறேன். நிலத்தில் தட்டினாலும் நாய்கள் விலகுவதில்லை. தாய்மார் பிள்ளைகளை வேறு பாதையால் கூட்டிப்போகிறார்கள். நாய்களைக் கட்டுவோம் என்று சங்கத்தில் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். “யானை வந்தால் ஆர் சேர் பொறுப்பு?” என்று என் வார்த்தையையே எனக்குத் திருப்பித் தந்தார்கள்.

போன கிழமை அவருடைய புருசனிடம் போய், சொல்லாமல் விட்ட மற்றதையும் சொன்னேன். மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது.

“வான் போன வழி முழுக்க நான் அவாவை ஏசிக்கொண்டு போனனான் சேர். நாயை ஒழுங்காப் பாத்திருந்தால் இது வந்திருக்குமோ எண்டு. அவாவுக்குக் கதைக்கவே ஏலாது. ஆனாலும் ‘நாய் நிண்டது, சேர் சொன்னவர்’ எண்டு சொல்லிக்கொண்டே வந்தவா.” மண்வெட்டியைப் பார்த்தபடியே சொன்னார். “நான் அவாவைத்தான் பொய்க்காரி எண்டனான்.”