முன் பிரேக்கைத் தொடாமல் இறங்கிய மலை

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பஸ் ஓடாத நாள்கள் அவை. மலைமேல் இருக்கும் கரியாலூரில் ஆசிரியராக இருந்த என் கணவர், வயிற்றுப்போக்கால் துவண்டுபோன எங்கள் கைக்குழந்தையையும் என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயந்து, மலைப்பாதை முழுக்கக் கால் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தார்.

அடிவார வளைவில் சாலையின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர் பதறிப்போய்க் கால் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மரக்கிளையில் உரசி வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை.

மறியல் செய்தவர்கள் ஓடிவந்தார்கள்.

"கொயந்தைக்கு இன்னாம்மா?" என்று கேட்ட ஒருவர், நான் சொன்னதும் மற்றவர்களையும் கூப்பிட்டு, வண்டியை அப்படியே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிங்க சார். முன் பிரேக்க மெதுவா அழுத்திக்கினே வந்தா கவுக்காது" என்றார்.

அப்படியே ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். மகள் பிழைத்துக்கொண்டாள்.

இப்போது நானே ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். இரண்டு பிரேக்கையும் வாசலிலேயே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். அன்று வண்டியைத் தூக்கிவிட்ட அந்த மறியல்காரரின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லையே என்ற வருத்தம் மட்டும் இன்றும் இருக்கிறது.