இருபத்து மூன்றாவது ஆள்

மேற்குத் தாம்பரத்தில் எட்மண்ட் நடத்திய ஹோட்டலில் சாப்பாட்டைக் குறை சொன்னவர்கள் குறைவு. மாடியில் ஏசி ஹால், குடும்பமாக உட்கார வசதி, ரசம்கூட நன்றாகவே இருக்கும். ஆனால் கீழே, போனையும் ரிஜிஸ்டரையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தாரே, தாமோதரன், அவரைத் திட்டாமல் படியேறியவர்கள் அதைவிடக் குறைவு.

முப்பத்துநாலு வருஷம் ரயில்வே முன்பதிவு கவுண்டரில் இருந்துவிட்டு ரிடையர் ஆனவர். ஆனவர் வீட்டில் இருந்திருக்கலாம். மனைவி போய்விட்டாள், பிள்ளை இல்லை, அனகாபுத்தூர் சந்து வீட்டில் சுவரோடு பேச முடியவில்லை, எட்மண்டிடம் வேலைக்கு வந்துவிட்டார். வந்த முதல் வாரமே ரயில் சட்டத்தைச் சாம்பாரில் கலந்துவிட்டார். டேபிள் சொல்லிவைத்தவர்களுக்கு முதல் நாள் சாயங்காலம் போன் போகும். எடுக்காவிட்டால் பெயர் மேல் கோடு. காலை பத்து மணிக்குப் பட்டியல் தயாராகிக் கண்ணாடியில் ஒட்டப்படும். அதில் பெயர் இல்லாதவர்கள் வெயிட்டிங் லிஸ்ட். சொன்ன நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிஷம் பொறுப்பார். பதினாறாவது நிமிஷம் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"யோவ், நான் டேபிள் கேட்டனா, திருச்செந்தூருக்கு டிக்கெட் கேட்டனா?" என்று ஒருவர் வாசலில் நின்று கத்தினார். தாமோதரன் தலையை நிமிர்த்தாமல், "அடுத்தவர்" என்றார்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஜனங்களைப் பற்றித் தெரியாதா? மூன்று ஹோட்டலில் சொல்லிவைத்துவிட்டு நாலாவதில் போய்ச் சாப்பிடுவார்கள். பத்துப் பேர் என்பார்கள், பதினெட்டுப் பேர் வந்து இறங்குவார்கள். முதல் நாள் போன் செய்து கேட்டாலோ அதற்கு ஒரு கோபம். "வர்றேன்னு சொன்னவனப் பாத்து வருவியான்னு கேக்குறியே, என்னய்யா மரியாத இது?" என்பார்கள். எட்மண்டே இரண்டு முறை வந்து கெஞ்சினார். "சார், கஸ்டமர் சார், எதிரி இல்ல." தாமோதரன் ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்து, "அப்ப நீங்களே உக்காருங்க" என்றார். எட்மண்ட் உட்காரவில்லை.

உலகத்தில் அவர் அடியோடு வெறுத்த பேச்சு ஒன்று உண்டு. "கொஞ்சம் பாத்துச் செய்ங்க சார்." கவுண்டர் ஓட்டைக்குள் முகத்தை நுழைத்து, குரலைத் தாழ்த்தி, ஒரு இளிப்போடு வரும் அந்தப் பேச்சு. பார்க்காமல் செய்வதுதான் நேர்மை என்று வாழ்ந்த ஆள்.

அப்படித்தான் 1998-இல் சொந்தத் தங்கை சரளாவையும் பார்க்காமல் செய்தார். அவள் மாமியார் தூத்துக்குடியில் இழுத்துக்கொண்டு கிடந்தாள். சரளா கவுண்டருக்கே ஓடி வந்து, வரிசையை விட்டு ஓரமாக நின்று, "அண்ணா, ரெண்டே ரெண்டு சீட்டு, பாத்துச் செய்ண்ணா" என்றாள். தாமோதரன், "வெயிட்டிங் லிஸ்ட் எண்பத்திநாலு. வரிசைல வாங்க" என்றார். வாங்க என்றார், கூடப் பிறந்தவளை! அவளும் புருஷன் ஏகநாதனும் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது சிதை எரிந்து முடிந்திருந்தது. தாய்க்குக் கொள்ளி வைக்க முடியாத மகன் அந்தக் கவுண்டரை எப்படி மறப்பான்? அன்றோடு பேச்சு நின்றது. தாமோதரனின் மனைவி இறந்தபோதுகூட சரளா வாசல்வரை வந்து அழுதுவிட்டு, உள்ளே கால் வைக்காமல் திரும்பிப் போனாள். எட்டு வருஷம்.

2006 ஆவணியில் ஒரு புதன்கிழமை போன் வந்தது. யாரோ மாப்பிள்ளையின் அப்பா. "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு மாடி ஹால் வேணும் சார். நிச்சயதார்த்தம். தட்டு மாத்திட்டு அங்கயே சாப்பாடு. பொண்ணு வீட்டுக்காரர் பேர்ல போட்டுக்குங்க, ஏகநாதன், சேலையூர். இருபத்திரெண்டு பேர்." ஏகநாதன் வீட்டுப் போன் நம்பரும் சொன்னார். தாமோதரன் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது.

சரளாவின் மகள் துர்காவுக்கு நிச்சயம். தாய்மாமன் அதைத் தன் ரிஜிஸ்டரில் படித்துத் தெரிந்துகொள்கிறார்.

அந்தக் குழந்தைக்குக் காது குத்தியது அவர் மடியில்தான். அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு அலறியவள். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றுவார்களா? மாற்றினால் ஊர் என்ன கேட்கும்? கூப்பிடாமல் போய் நிற்க அவர் ஒன்றும் எச்சில் இலை பொறுக்குபவர் இல்லை. போனில் சொன்னாலும் அது அழைப்பு ஆகாது. வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு வீட்டுக்கு வர வேண்டும், அதுதான் முறை. முறை என்றால் தாமோதரனுக்கு எல்லாம் முறைதான். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் காலையில் முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, வேலைக்குக் கிளம்பும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பால்காரனைத் தவிர நாதி இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் உறுதி செய்யும் போன். வேறு யாரையாவது பேசச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வீம்பு. கவுண்டர் குரலில், "ரிசர்வேஷன். நாளைக்கு ஏகநாதன் பேர்ல ஹால். உறுதிதானா? எத்தனை பேர்?" என்றார்.

எடுத்தது சரளா. அண்ணன் குரலை அவள் எதிர்பார்க்கவில்லை, கண்டுபிடிக்கவும் இல்லை. "உறுதிதான் சார். இருபத்திரெண்டு... இல்ல சார், இருபத்திமூணா போட்டுக்குங்க. ஒருத்தர் மட்டும் வருவாரா மாட்டாரான்னு தெரியல."

தாமோதரனின் நெஞ்சு ஒரு தரம் எகிறிக் குதித்தது. வாய் இருக்கிறதே, அது நெஞ்சைக் கேட்டுப் பேசும் வாயா? "உறுதி ஆகாத ஆளப் போட முடியாதுங்க."

"ஒரே ஒரு நாற்காலிதானே சார்?"

"ஒண்ணுன்னாலும் ரூல் ரூல்தான்."

"சரி, வுடுங்க. இருபத்திரெண்டே இருக்கட்டும்" என்று அவள் போனை வைத்தாள்.

இரவு முழுக்க அந்த 'வுடுங்க' அவர் காதில் கிடந்தது. தன்னைத்தான் விட்டுவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டார். வெட்டியது அவர் பேனா, பழி அவள் மேல். ஞாயிற்றுக்கிழமை காலை கதவைப் பூட்டிக்கொண்டு ஒன்பதுக்கே ஹோட்டலுக்கு வந்துவிட்டார். யாருக்காகத் திறந்து வைப்பது?

அன்று நல்ல முகூர்த்த நாள். பத்தே முக்காலுக்கே கோவளத்திலிருந்து ஒரு காதுகுத்துக் கோஷ்டி வந்து வெயிட்டிங் லிஸ்டில் முதலாவதாக நின்றது. மீன்காரக் குடும்பம், இருபத்தைந்து பேர். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன் தாய்மாமன், பார்த்தாலே தெரிந்தது, புது வேட்டி, கழுத்தில் மாலை. "இன்னா சார், எம்மா நேரம் நிக்கிறது? கொயந்த அயுதுகினு கீது பாரு" என்றான்.

பதினொன்று ஆயிற்று. ஏகநாதன் வீட்டார் இல்லை. பதினொன்று பத்துக்கு விதிப்படி ஒரு போன் போட்டார். வீட்டு நம்பர். ஆளில்லாத வீட்டில் மணி அடித்து ஓய்ந்தது.

மாடி ஹாலைக் கவனிக்கும் சக்தி இறங்கி வந்தாள். "சார், நிச்சயதார்த்தம் சார். பன்னெண்டுக்கு எமகண்டம் ஆரம்பிக்குது, அதுக்குள்ள தட்டு மாத்தணும். ஒரு கால் மணி பொறுங்க, பாவம்."

"பாவ புண்ணியம் பாக்குற எடம் கோயில்" என்றார் தாமோதரன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்வானேன், அந்த நேரத்தில் அவர் விதியை நினைக்கவில்லை, 'வுடுங்க'வைத்தான் நினைத்தார். என்னை விட்டுவிட்டு நீ எங்கே உட்கார்ந்து தட்டு மாற்றுகிறாய் பார்க்கலாம் என்று நினைத்தார். பதினொன்றே காலுக்கு முள் வந்ததும் ஏகநாதன் என்ற பெயரை, ஸ்கேல் வைத்து, நேராக அடித்தார். காதுகுத்துக் கோஷ்டி தடதடவென்று மாடி ஏறியது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு வாசலில் கார் நின்றது. பின்னாலேயே, பெண் வீட்டார் வரட்டும் என்று வழியில் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டு வேன். முதலில் இறங்கி வந்தவள் சரளா. புடவைக் கரையெல்லாம் சேறு, முகமெல்லாம் வியர்வை, கையில் ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், மடித்த பட்டு வேட்டி. ரிஜிஸ்டருக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"நீயா?"

"லேட்டு. ஹால் வேற ஆளுக்குக் குடுத்தாச்சு" என்றார் தாமோதரன்.

ஏகநாதன் பாய்ந்து வந்தார். "எங்கம்மா சாவுல பண்ணின, இப்ப எம் பொண்ணு நிச்சயத்துலயும் பண்ணிட்டியா? நீயெல்லாம் மனுஷனாய்யா?" பட்டுப்புடவையில் துர்கா படியோரம் நின்றாள். மாமாவைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். வேனிலிருந்து இறங்கியவர்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் வெயிலில் நின்றார்கள்.

சக்தி தாங்க முடியாமல், "ஏம்மா, லேட்டாகும்னு ஒரு போன் பண்ணிருக்கலாமே?" என்றாள்.

சரளா அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னாள். "அனகாபுத்தூர் போயிருந்தோம். நேத்து ராத்திரி வரைக்கும் இவரு ஒத்துக்கல. காலுல விழாத கொறையா ஒத்துக்க வெச்சேன். சந்துக்குள்ள கார் போகல, சேத்துல நடந்தே போனேன். பூட்டிக் கெடந்துது. பக்கத்து வூட்ல, ஞாயித்துக்கெழமதானே, இப்ப வந்துடுவாருன்னாங்க. அர மணி நேரம் இந்தத் தட்டோட உன் வாசல்ல நின்னேன்."

தாமோதரன் ரிஜிஸ்டரில் தான் அடித்த கோட்டைப் பார்த்தார்.

"நேத்து போன்ல பேசினதும் நீதான். ஒருத்தர் வருவாரான்னு தெரியலன்னு சொன்னேனே, அது யாருன்னு உனக்குத் தெரியாது?"

"உறுதி ஆகாம..." என்று ஆரம்பித்தார். மேலே மாடியில் காது குத்திய குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது.

சரளா தாம்பாளத்தை ரிஜிஸ்டர் மேலேயே வைத்தாள். "இந்தா. அழச்சாச்சு. மொற முடிஞ்சுது. எங்க வரணும்னு மட்டும் கேக்காத. எங்களுக்கே தெரியாது." திரும்பி நடந்தாள். காரையும் வேனையும் விட்டுவிட்டு அத்தனை பேரும் ரோட்டோரம் நின்று ஆளுக்கொரு ஹோட்டல் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தாமோதரன் மாடிப்படியைப் பார்த்தார். சாப்பிடுகிறவர்களை எழுப்ப முடியாது. கடிகாரத்தைப் பார்த்தார். எமகண்டத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. தட்டை நகர்த்திவிட்டுப் போனை எடுத்து, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கிழக்குத் தாம்பரத்தில் இருந்த ஹோட்டலுக்குச் சுழற்றினார்.

"ஹால் வேணும். இப்பவே. நிச்சயதார்த்தம்."

"இப்ப வந்து கேட்டா எப்படி சார்? நாலு பேர் வெயிட்டிங்ல இருக்காங்க. வேணும்னா அஞ்சாவதா எழுதிக்கறேன். எத்தன பேரு?"

"இருபத்திமூணு."

"உறுதியா சார்?"

"உறுதி."

"அப்ப வந்து வரிசைல நில்லுங்க சார். ரூல் அதுதான்."

எதிர்முனையில் போனை வைக்கப் போகும் சத்தம் கேட்டது. தாமோதரன் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என் தங்கச்சி பொண்ணு சார். கொஞ்சம் பாத்துச் செய்ங்க சார்."