அப்பா என்னைப் படிமேடையிலிருந்து இறக்கிய சாயங்காலம்

அப்பா எத்தனையோ மேடைகள் கட்டியிருக்கிறார். அவற்றில் நான் ஏறி நின்றது ஒன்றே ஒன்றில்தான். அதிலிருந்தும் பாட்டு தொடங்குவதற்கு முன்பே அவர் என்னை இறக்கிவிட்டார்.

அப்போது எனக்குப் பத்து வயது. மைசூர் ரிங் ரோட்டுக்கு அப்பால் ஒரு பெரிய மைதானத்தில் ஸ்ரீனிவாச கல்யாணம் நடக்கப்போவதாக ஊர் முழுக்கப் பேனர் கட்டியிருந்தார்கள். மேல்கோட்டையிலிருந்து பட்டாச்சாரியர்கள் வருகிறார்கள், கிரேனில் தொங்கும் கேமரா வருகிறது, டிவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று தினம் ஒரு செய்தி எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு ஷாமியானா முதலாளியிடம் மேஸ்திரி. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இரும்புக் குழாய்களைக் கோத்துப் பந்தலும் மேடையும் எழுப்பும் வேலையில் நிலைத்துவிட்டவர். கல்யாண மேடையும், அதன் பக்கத்தில் பாடும் பிள்ளைகள் நிற்பதற்கான ஆறு வரிசைப் படிமேடையும் அவர் பொறுப்பு. அந்தப் படிமேடையின் உச்சி வரிசையில் நடுவில் நின்று, முதல் நான்கு வரிகளைத் தனியாகப் பாடுவது என் பொறுப்பு. இரண்டில் எது பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பாட்டு கன்னடம். எங்கள் பாட்டு மிஸ் என் ‘ஹ’வைத் திருத்தவே ஒரு மாதம் பாடுபட்டார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள், சொல்லும்போது காற்று படவேண்டும் என்பார். சாப்பிடும்போதும், பஸ்ஸில் போகும்போதும், தம்பியோடு சண்டை போடும்போதும் கையை வாய்க்கு முன்னால் வைத்து ஹ, ஹ என்று ஊதிக்கொண்டே திரிந்தேன். பிள்ளைக்கு இளைப்பு ஏதாவது வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்டாராம்.

அன்று மதியம் எங்களைப் பச்சைப் பாவாடையில் கொண்டுவந்து ஒரு கூடாரத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. அரைமணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்ரூம் என்று பொய் சொல்லி மூன்று தடவை வெளியே ஓடினேன். மூன்று தடவையும் அப்பாவைப் பார்த்தேன். படிமேடைக்குப் பின்னால் குனிந்து, குதிகாலால் மண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரக் கம்பி பதிக்க முந்தைய நாள்தான் அங்கே பள்ளம் தோண்டி மூடியிருந்தார்கள். பின்பக்கக் கால்கள் இரண்டு அந்தப் புது மண்ணில் நின்றன. நான் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. என் பாவாடையைக்கூடப் பார்க்கவில்லையே என்று கோபம் வந்தது.

நான்கு மணிக்கு இன்னொரு பஸ் வந்தது. விழாவுக்குப் பெரிய நன்கொடை கொடுத்தவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் இறங்கினார்கள். அவர்களும் எங்களோடு நின்று பாடவேண்டுமாம். படிமேடை கட்டியது எண்பது பேருக்கு. நூற்றிருபது பேரும் இடித்துக்கொண்டு ஏறினோம்.

உச்சியிலிருந்து மைதானம் கடல் மாதிரித் தெரிந்தது. மேடை விளக்குகளின் வெளிச்சத்தில் அம்மாவைத் தேடினேன். தெருவே வேன் பிடித்து வந்திருந்தது. என்னால் ஒரு நொடி சும்மா நிற்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவளும் நானும் குதிகாலைத் தூக்கித் தூக்கிக் குதித்தோம். படிமேடையும் எங்களோடு சேர்ந்து லேசாக ஆடியது. நன்றாக இருந்தது. இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

கீழே அப்பா டைரக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். டைரக்டர் என்றால், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மொத்த நிகழ்ச்சியையும் நடத்திய பெங்களூர்க்காரர். மண் இளகிவிட்டது, புதிதாக வந்த பிள்ளைகளையாவது இறக்கிவிடுங்கள் என்று அப்பா கன்னடத்தில் கெஞ்சுவது மேலே கேட்டது.

“ஒந்தே ஹாடு மேஸ்த்ரி, ஐது நிமிஷ!” ஒரே பாட்டு, ஐந்தே நிமிடம் என்று சொல்லிவிட்டு அவர் ஹெட்செட்டில் வேறு யாரோடோ பேசிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா குனிந்து பின்பக்கக் கால்களை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்துப் படி வழியாக ஏறி, வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாகத் தாண்டி என்னிடம் வந்தார்.

“கண்ணு, எறங்கு.”

“மாட்டேன்.”

“குதிக்காம மெதுவா எறங்கு சாமி. அப்பா புடிச்சுக்கறேன்.”

நான் பின்னாலிருந்த கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டேன். அவர் என் விரல்களைப் பிரித்து, இடுப்பைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கிரேன் கேமரா என் முகத்துக்கு வந்தது. இரண்டு பெரிய திரைகளிலும் நான் கால்களை உதைத்துக்கொண்டு போவதை மைதானமே பார்த்தது. யாரோ சிரித்தார்கள். உடனே திரையில் குத்துவிளக்கைக் காட்டினார்கள்.

கீழே என்னை நிறுத்திவிட்டு, என் கையை விடாமல் அப்பா மேலே பார்த்தார். மிஸ் ஓடிவந்தார். “ஏனாயித்து மேஸ்த்ரி?” என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“என் மகளை இறக்கிட்டேன் மிஸ்” என்று மட்டும் அப்பா கன்னடத்தில் சொன்னார்.

மிஸ் அவரையே பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தட்டி, உச்சி வரிசையிலிருந்து ஒவ்வொருவராக, குதிக்காமல், எல்லோரையும் இறங்கச் சொன்னார். டைரக்டர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள் பாதிப் படிகள் காலியாகிவிட்டன. மற்ற வீட்டுப் பிள்ளைகளைத் தொட்டு இறக்க ஒரு பந்தல் மேஸ்திரியால் முடியாது என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நூற்றிருபது பேரில் அவர் என்னைத்தான் முதலில் அவமானப்படுத்தினார் என்பதுதான்.

ஈரப் பாயில் நின்றுகொண்டு, அவசரத்துக்கென முன்பே பதிவுசெய்து வைத்திருந்த பாட்டுக்கு எல்லோரும் வாயசைத்தார்கள். அதில் முதல் நான்கு வரிகள் வேறு யாருடைய குரலோ. ‘ஹ’ எல்லாம் சுத்தமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவே இல்லை. திரையில் காட்டியபோது, பூச்சரம் சுற்றிய வெறும் படிகள் அழகாகத்தான் இருந்தன. அந்தி சாயும் கோதூளி முகூர்த்தத்தில் தாயாருக்குத் திருமாங்கல்யம் கட்டினார்கள். மைதானமே கோவிந்தா போட்டது.

படிமேடை நின்றது. மறுநாள் பிரிக்கும்வரை அசையாமல் நின்றது. நாங்கள் ஏறியே பாடியிருந்தாலும் அது நின்றிருக்குமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. டைரக்டருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

“நோட்ரீ மேஸ்த்ரி, ஏனூ ஆக்லில்ல!” பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையை ஆட்டினார். அடுத்த வருடக் கல்யாணத்துக்கு வேறு மேஸ்திரி வந்தார்.

கூட்டம் கலைந்தபின் அம்மா என்னை மேடைக்குப் பின்னால் இழுத்துப்போனார். அப்பா குழாய்க் குவியல் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் தொன்னையில் பிரசாதப் புளியோதரை இருந்தது. அதை அவர் இன்னும் தொடவில்லை. என்னைப் பார்த்ததும் நீட்டினார்.

“சாப்புடு கண்ணு.”

தொன்னை ஆடியது. சோற்றுப் பருக்கைகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் விழுந்தன. எவ்வளவு உயரத்தில் நின்று குழாய் பிடித்தாலும் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

நான் வாங்காமல் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். “அப்பா இன்னும் எம்மேல கோவமா இருக்காரு” என்று அம்மாவின் காதில் சொன்னேன். கோபத்தில் மட்டும்தான் பெரியவர்களுக்குக் கை நடுங்கும் என்று நினைத்திருந்த வயது அது.